பல ஏஜெண்டுகளை ஒருங்கே இயக்கும் சாதனம்: தேர்ந்தெடுக்கும் முறையும் கோலார் தங்கச் சுரங்கம் கற்பிக்கும் பாடமும்

கர்நாடக மாநிலத்தின் தென்கிழக்கில், ஆந்திர எல்லைக்கும் தமிழ்நாட்டு எல்லைக்கும் அருகே அமைந்துள்ள கோலார் தங்கவயல், நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கம் வெட்டியெடுக்கப்பட்ட இடமாகும். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கு நிர்வாகப் பொறுப்பை ஏற்றனர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் வேலை நிறுத்தப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஏறக்குறைய 800 டன் தங்கம் இங்கிருந்து எடுக்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து குடியேறிய தொழிலாளர் பல தலைமுறைகள் இச்சுரங்கங்களில் உழைத்தனர்.

இத்தகைய ஆழ்சுரங்கத்தில் ஒரே வேளையில் பற்பல மட்டங்களில், ஒருவர் வேலையை மற்றவர் காண இயலாத நிலையில், பல குழுக்கள் பாறையைத் துளைத்துக்கொண்டிருக்கும். அவற்றை ஒழுங்குபடுத்தும் கலையே சுரங்க நிர்வாகத்தின் உயிர்நாடியாகும். இன்று கணிப்பொறித் துறையில் இதையொத்த ஒரு பிரச்சினை எழுந்துள்ளது. நிரல் எழுதவல்ல செயற்கை நுண்ணறிவு ஏஜெண்டுகள் பலவற்றை ஒரே சமயத்தில் இயக்குவது எப்படி, அதற்கு எத்தகைய சாதனத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதே அப்பிரச்சினை. அலுவலகப் பதிவேடுகளுக்கும் பள்ளிக் கணக்குகளுக்கும் சிறு நிரல்களைத் தாமே ஆக்கிக்கொள்ள முற்படும் கள ஊழியர்களுக்கும், மாணவர்களுக்கு இத்துறையைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் பயன்படும் வகையில், தேர்வுக்குரிய அடிப்படைகள் இங்கு விளக்கப்படுகின்றன.

1. சுரங்கத்தில் ஒருங்கே நடைபெறும் வேலை

சுரங்கத்தில் பல குழுக்கள் ஒருங்கே வேலை செய்வதற்கு மூன்று ஏற்பாடுகள் இன்றியமையாதவை.

முதலாவது, இடப்பிரிவு. ஒவ்வொரு குழுவுக்கும் தனியான வெட்டுமுகம் வரையறுக்கப்படுகிறது. ஒரு குழு வெடி வைக்கும் இடத்தில் மற்றொரு குழு இருத்தல் ஆகாது.

இரண்டாவது, வரிசைமுறை. ஓரிடத்தில் பாறையை அகற்றினால், அது தாங்கியிருந்த பாரம் அண்டைப் பாறையின்மீது சாய்கிறது. கோலார் தங்கவயலின் பெரிய அபாயமாக விளங்கிய பாறைவெடிப்பு இவ்வாறு குவியும் அழுத்தத்தினால் ஏற்படுவதேயாகும். ஆகவே எந்த இடத்தை முன்னர் வெட்டுவது, எதைப் பின்னர் வெட்டுவது என்று முன்கூட்டியே திட்டமிடப்பட்டது. வெட்டியெடுத்த வெற்றிடங்கள் கருங்கல் கட்டுமானத்தாலும், பிற்காலத்தில் கான்கிரீட்டாலும் தாங்கப்பட்டன.

மூன்றாவது, ஷாஃப்ட் என்னும் செங்குத்துச் சுரங்கவாயில். எத்தனை வெட்டுமுகங்களில் தாதுக்கல் உடைக்கப்பட்டாலும், அத்தனையும் ஒரு சில ஷாஃப்டுகளின் வழியாகவே மேலே வரவேண்டும். ஷாஃப்ட் ஏற்றக்கூடிய அளவுக்கு மேல் உடைக்கப்படும் கல் கீழேயே தங்கி வழியை அடைக்கும். அதனால் தங்க உற்பத்தி கூடுவதில்லை.

ஏஜெண்டுகளை இயக்கும் சாதனத்தை மதிப்பிடவும் இம்மூன்று ஏற்பாடுகளே அளவுகோலாக அமைகின்றன.

2. ஏஜெண்டு என்பது யாது?

மனிதர் எழுதும் வாக்கியங்களைப் புரிந்துகொண்டு விடை எழுதும் பெரிய மொழி மாதிரிகள் இப்போது பலரும் அறிந்தவையே. கேட்ட கேள்விக்கு விடை கூறுவதோடு நில்லாமல், கணிப்பொறியிலுள்ள கோப்புகளைப் படித்தல், திருத்துதல், கட்டளைகளை இயக்குதல், சோதனைகளை நடத்தி அவற்றின் முடிவைப் பார்த்து மீண்டும் திருத்துதல் ஆகிய செயல்களைத் தொடர்ச்சியாகச் செய்யும் வசதி மாதிரிக்கு அளிக்கப்படுமாயின், அந்த அமைப்பு ஏஜெண்டு எனப்படும். ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் கிளாட் கோட், ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் கோடெக்ஸ், கூகுள் நிறுவனத்தின் ஜூல்ஸ் ஆகியவை 2025-ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வகை அமைப்புகளாகும்.

ஒரு வேலையை ஒப்படைத்த பின்னர் ஏஜெண்டு சில நிமிடங்களோ, சில சமயம் ஒரு மணி நேரமோ தானே உழைக்கும். அவ்வேளையில் வேலையளித்தவர் கைகட்டிக் காத்திருக்க நேரிடுகிறது. எனவே, இரண்டாவது ஏஜெண்டுக்கு வேறொரு வேலையை அளித்தாலென்ன என்ற எண்ணம் இயல்பாகத் தோன்றுகிறது. பல ஏஜெண்டுகளை ஒருங்கே இயக்கும் சாதனங்கள் இத்தேவையினின்றே பிறந்தன.

3. எத்தனை ஏஜெண்டுகள் போதும்?

சாதனங்களை விற்பவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையையே முன்னிறுத்துவர். எட்டு ஏஜெண்டுகள், பத்து ஏஜெண்டுகள் என்ற விளம்பரம் கவர்ச்சியுடையதே. ஆயினும், எண்ணிக்கையின் உண்மைப் பயனை ஓர் எளிய கணக்கினால் அறியலாம்.

பத்து வேலைகள் உள்ளன என்று கொள்வோம். ஒவ்வொன்றையும் முடிக்க ஏஜெண்டுக்கு 40 நிமிடங்கள் ஆகின்றன. முடிந்த வேலையை மனிதர் ஒருவர் படித்துச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ள 20 நிமிடங்கள் ஆகின்றன. சரிபார்ப்பவர் ஒருவரே, ஒரு வேலை சரிபார்க்கப்பட்ட பின்னரே அந்த ஏஜெண்டுக்கு அடுத்த வேலை தரப்படுகிறது. இந்நிலையில் பத்து வேலைகளும் முடிவதற்கு ஆகும் காலம் வருமாறு:

1 ஏஜெண்டு: 600 நிமிடங்கள்
2 ஏஜெண்டுகள்: 320 நிமிடங்கள்
3 ஏஜெண்டுகள்: 240 நிமிடங்கள்
10 ஏஜெண்டுகள்: 240 நிமிடங்கள்

மூன்று ஏஜெண்டுகளை வைத்திருப்பவரும் பத்து ஏஜெண்டுகளை வைத்திருப்பவரும் ஒரே நேரத்தில்தான் முடிக்கின்றனர். காரணம் வெளிப்படையானது. முதல் 40 நிமிடங்களுக்குப் பின் சரிபார்ப்பவர் ஓய்வின்றி வேலை செய்கிறார். பத்து வேலைகளைப் பார்க்க அவருக்கு 200 நிமிடங்கள் ஆகின்றன. ஏஜெண்டுகளைப் பெருக்குவதால் இந்த 200 நிமிடங்கள் குறைவதில்லை. சரிபார்க்கும் மனிதரே இங்கு ஷாஃப்டாக விளங்குகிறார்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. ஏஜெண்டின் வேலை நேரத்தையும் சரிபார்க்கும் நேரத்தையும் கூட்டி, சரிபார்க்கும் நேரத்தால் வகுத்தால் வரும் எண்ணே பயனுள்ள ஏஜெண்டுகளின் எண்ணிக்கையாகும். மேற்கூறிய உதாரணத்தில் 60-ஐ 20-ஆல் வகுக்க 3 கிடைக்கிறது. இதற்கு மேற்பட்டவை பணத்தையும் கவனத்தையும் செலவிடுமேயன்றி வேலையை விரைவுபடுத்தா. ஒரு வேலையில் பிரித்துச் செய்ய இயலாத பகுதி எவ்வளவோ, அதுவே மொத்த வேகத்துக்கு எல்லையாகும் என்று 1967-ஆம் ஆண்டில் ஜீன் ஆம்டால் என்ற கணிப்பொறி அறிஞர் எடுத்துக்காட்டினார். இக்கணக்கு அக்கருத்தின் ஓர் உருவமேயாகும்.

ஆகவே, சாதனம் ஒன்றைக் காணும்போது, அது எத்தனை ஏஜெண்டுகளை இயக்கும் என்பதைவிட, சரிபார்க்கும் 20 நிமிடங்களை 10 நிமிடங்களாகக் குறைக்க அது உதவுமா என்று கேட்பதே பொருத்தமாகும். சரிபார்க்கும் நேரம் பாதியாயின், மேற்கண்ட பத்து வேலைகள் போதிய ஏஜெண்டுகளுடன் 140 நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் அவசரத்தினால் சரிபார்ப்பைச் சுருக்குவது வேறு. மாற்றங்களைத் தெளிவாகக் காட்டிச் சரிபார்ப்பை எளிதாக்குவது வேறு. பின்னையதே சாதனத்தினிடம் எதிர்பார்க்கத்தக்கது.

4. இடப்பிரிவு: ஏஜெண்டுக்கு ஒரு தனி வெட்டுமுகம்

இரண்டு ஏஜெண்டுகள் ஒரே கோப்புறையில் வேலை செய்தால், ஒன்று எழுதியதை மற்றொன்று அழித்துவிடும். ஒன்று பாதி திருத்திய நிலையில் இருக்கும்போது மற்றொன்று சோதனை நடத்தினால், தன் பிழையல்லாத பிழையைக் கண்டு குழம்பும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனி இடம் அளித்தல் வேண்டும்.

இதற்குப் பெரிதும் பயன்படுவது கிட் என்னும் பதிப்புக் காப்பு முறையாகும். லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் 2005-ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். ஒரு நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும், அதனைச் செய்தவர், செய்த நாள், காரணம் ஆகியவற்றோடு இது பதிந்து வைக்கிறது. 2015-ஆம் ஆண்டில் ஒர்க்ட்ரீ என்ற வசதி இதில் சேர்க்கப்பட்டது. இதன்படி, ஒரே வரலாற்றுக் களஞ்சியத்திலிருந்து பல வேலைக் கோப்புறைகளை விரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு தனிக் கிளையில் வேலை செய்யலாம். ஒரே கிளையை இரண்டு கோப்புறைகளில் ஒருங்கே திறக்கச் சாதாரணமாகக் கிட் அனுமதிப்பதில்லை. வேலை முடிந்து சரிபார்த்த பின்னர் அக்கிளை முதன்மைக் கிளையுடன் இணைக்கப்படுகிறது.

எனினும், இவ்வாறு பிரிக்கப்படுவன கோப்புகள் மாத்திரமே என்பதை மறத்தலாகாது. தரவுத்தளம் ஒன்றேயாயின், ஓர் ஏஜெண்டு அழிக்கும் அட்டவணை எல்லா ஏஜெண்டுகளுக்கும் அழிந்துபோகும். இரண்டு நிரல்கள் ஒரே போர்ட் எண்ணில் இயங்க முயன்றால் ஒன்று நின்றுவிடும். இத்தகைய இடங்களில் ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் ஒரு கண்டெய்னர், அதாவது தனிக் கணிப்பொறி போன்று இயங்கும் ஓர் அடைப்பு, அளிப்பது பாதுகாப்பானது. சாதனம் கோப்புகளை மட்டும் பிரிக்கிறதா, தரவையும் பிரிக்கிறதா என்பது முதற்கண் கேட்கவேண்டிய கேள்வியாகும்.

5. வரிசைமுறை: கண்ணுக்குத் தெரியாத மோதல்

இரண்டு ஏஜெண்டுகள் ஒரே வரியை வெவ்வேறு விதமாக மாற்றியிருந்தால், இணைக்கும்போது கிட் அதனை மோதல் என்று அறிவித்துவிடும். அறிவிக்கப்படும் மோதலினால் பெருங்கேடு விளைவதில்லை. அறிவிக்கப்படாத மோதலே ஆபத்தானது. இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம்.

கோலார் மாவட்டம் வறண்ட பிரதேசம். வற்றாத ஆறுகள் இல்லாத இம்மாவட்டத்தில் ஏரிகளும் கிணறுகளும் ஆழ்துளைக் குழாய்களுமே நீர் ஆதாரமாகும். கிராமங்களின் கிணற்று நீர்மட்டத்தை மாதந்தோறும் பதிவு செய்ய ஒரு சிறு நிரல் தேவைப்படுவதாக வைத்துக்கொள்வோம். வேலை மூன்றாகப் பிரிக்கப்படுகிறது. முதல் ஏஜெண்டு கள ஊழியர் விவரம் பதியும் படிவத்தை எழுதுகிறது. இரண்டாவது, மட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடும் பகுதியை எழுதுகிறது. மூன்றாவது, அறிக்கை அச்சிடும் பகுதியை எழுதுகிறது.

இப்பகுதியில் கிணற்றின் ஆழத்தை அடிக்கணக்கில் சொல்வது வழக்கமாகையால், முதல் ஏஜெண்டு அடிக்கணக்கில் பதிகிறது. அறிக்கை மீட்டரில் வேண்டும் என்று மூன்றாவது ஏஜெண்டுக்குக் கூறப்பட்டிருப்பதால், அது எண்ணின் பக்கத்தில் மீட்டர் என்று அச்சிடுகிறது. மூன்று பகுதிகளும் தத்தம் சோதனைகளில் தேறிவிடுகின்றன. மூன்றும் வெவ்வேறு கோப்புகளாகையால் கிட் எவ்வித மோதலும் இன்றி அவற்றை இணைத்துவிடுகிறது. முடிவில், 180 அடி, அதாவது சுமார் 55 மீட்டர், ஆழத்தில் நீருள்ள கிணறு 180 மீட்டர் என்று அறிக்கையில் ஏறுகிறது. எந்தக் கிராமத்துக்கு முதலில் தண்ணீர் லாரி அனுப்புவது, எங்கே துளையிடுவது என்று அவ்வறிக்கையைப் பார்த்துத் தீர்மானிப்பவர் தவறான முடிவுக்கு வருவார். அதனால் தாகத்துக்கு உள்ளாவது நிரலைக் கண்ணாலும் கண்டிராத குடும்பங்கள்.

இது வெறும் கற்பனைக்குரிய அபாயமன்று. 1999-ஆம் ஆண்டு செப்டம்பரில் செவ்வாய்க் கிரகத்தை அடைந்த அமெரிக்க விண்கலம் ஒன்று, ஒரு குழு பிரிட்டிஷ் அலகிலும் மற்றொரு குழு மெட்ரிக் அலகிலும் கணக்கிட்டமையால் பாதை தவறி அழிந்தது. அங்கே வேலை செய்தவர்கள் தேர்ந்த பொறியியல் வல்லுநர்கள். பிரித்துச் செய்யும் வேலையில் பகுதிகள் சந்திக்கும் இடமே பலவீனமான இடம் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

ஒரு வெட்டுமுகத்தில் எடுத்த கல்லின் பாரம் அண்டை வெட்டுமுகத்தில் சாய்வதைப் போன்றதே இதுவும். பரிகாரமும் அதே தன்மையது. வேலையைப் பிரிப்பதற்கு முன்னர், எல்லாப் பகுதிகளுக்கும் பொதுவான வரையறையை மனிதரே எழுதி நிலைநிறுத்தல் வேண்டும். அலகு யாது, தேதி எவ்வாறு எழுதப்படும், கிணற்றை அடையாளம் காட்டும் எண் யாது என்பன அதில் இடம்பெறும். அதன் பின்னரே ஏஜெண்டுகளை ஏவுதல் வேண்டும். மூன்று பகுதிகளும் இணைந்த பிறகு, நேரில் அளந்து ஆழம் உறுதியாகத் தெரிந்த ஒரு கிணற்றின் விவரத்தைப் படிவத்தில் பதிந்து, அறிக்கையில் அது சரியாக வருகிறதா என்று பார்த்தல் வேண்டும்.

6. சாதனங்களின் நான்கு வகைகள்

இப்போது வழக்கிலுள்ள சாதனங்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

(அ) கைமுறை. டிமக்ஸ் போன்ற நிரலைக் கொண்டு ஒரே திரையில் பல டெர்மினல் சாளரங்களைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஓர் ஒர்க்ட்ரீயையும் ஓர் ஏஜெண்டையும் வைத்துக்கொள்ளும் முறை. டிமக்ஸும் கிட்டும் இலவசமாகக் கிடைப்பவை. நடப்பவை யாவும் கண்முன் தெரியும். ஆனால் எந்தச் சாளரத்தில் எந்த வேலை என்பதை இயக்குபவரே நினைவில் வைக்கவேண்டும். இரண்டு அல்லது மூன்று ஏஜெண்டுகளுக்கு இது போதுமானது. கற்பவர்கள் இதிலிருந்து தொடங்குவது நலம். கீழே நடப்பதை அறிந்தவர்க்கே மேலுள்ள சாதனங்களின் குறைநிறைகள் விளங்கும்.

(ஆ) நிர்வாகப் பலகை. ஒவ்வொரு வேலைக்கும் தானே ஒர்க்ட்ரீ அமைத்து, எது ஓடுகிறது, எது முடிந்தது, எது விடைக்காகக் காத்திருக்கிறது என்று ஒரே பலகையில் காட்டுவது. 2025-ஆம் ஆண்டில் வெளிவந்த கிளாட் ஸ்குவாட், கண்டக்டர் முதலியவை இவ்வகையின. கர்சர் என்ற நிரல் தொகுப்பியும் அதே ஆண்டு அக்டோபரில் எட்டு ஏஜெண்டுகள் வரை ஒருங்கே இயக்கும் வசதியைச் சேர்த்தது. மாற்றங்களை வரிவரியாக ஒப்பிட்டுக் காட்டும் பகுதியின் தெளிவே இவ்வகைச் சாதனத்தின் தகுதியைத் தீர்மானிக்கிறது.

(இ) தொலைவில் இயங்குவது. கோடெக்ஸின் இணைய வடிவம், ஜூல்ஸ், கிட்ஹப் நிறுவனத்தின் கோப்பைலட் ஏஜெண்டு ஆகியவை நிறுவனத்தின் கணிப்பொறியில் தனித்தனி அடைப்புகளுக்குள் வேலை செய்து, முடிவைச் சேர்ப்புக் கோரிக்கையாக அனுப்புகின்றன. நமது கணிப்பொறியின் சக்தி குறைவாயினும், இடையில் மின்சாரம் நின்றாலும் வேலை நடந்துகொண்டிருக்கும். ஆனால் நிரல் வெளியிடத்துக்குச் செல்கிறது. 1902-ஆம் ஆண்டில் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் நீளமான கம்பியின் மூலம் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. சுரங்கத்துக்கு அதனால் பெரும் பலம் கிடைத்தது. அக்கம்பியைச் சார்ந்து நிற்கும் நிலையும் உடன் வந்தது. தொலைவிலுள்ள ஏஜெண்டும் அத்தகையதே. மக்களின் பெயர், முகவரி, நோய் விவரம், மாணவர் மதிப்பெண் முதலியவை அடங்கிய கோப்புகளை இவ்வழியே அனுப்புதல் கூடாது.

(ஈ) தலைமை ஏஜெண்டு. ஓர் ஏஜெண்டே வேலையைப் பகுத்து, துணை ஏஜெண்டுகளுக்கு அளித்து, விடைகளைத் தொகுப்பது. பல இடங்களில் செய்தி தேடித் திரட்டும் வேலைக்கு இது ஏற்றது. பகுதிகள் ஒன்றையொன்று சார்ந்த நிரல் வேலைக்கு இதன் பயன் குறைவு. சாதாரண உரையாடலுக்கு ஆகும் டோக்கன்களைப்போல ஏறக்குறைய 15 மடங்கு இம்முறையில் செலவாவதாக ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025-ஆம் ஆண்டில் தன் ஆராய்ச்சி அமைப்பைப் பற்றி வெளியிட்டது. டோக்கன் என்பது மாதிரி படித்து எழுதும் சொற்கூறு. கட்டணம் அதன் கணக்கிலேயே விதிக்கப்படுகிறது. அன்றியும், பிரிக்கும் பொறுப்பை ஏஜெண்டிடமே விட்டால், மேலே கூறிய பொது வரையறையை எழுதுபவர் யாரும் இல்லாமற்போகும்.

7. தேர்வுக்குரிய கேள்விகள்

சாதனத்தை ஏற்குமுன் கீழ்க்கண்ட கேள்விகளுக்கு விடை காணுதல் வேண்டும்.

- ஒவ்வொரு ஏஜெண்டின் கோப்புகளும் தரவும் உண்மையாகவே பிரிக்கப்பட்டுள்ளனவா?
- செய்த மாற்றங்களை, இணைக்குமுன், வரிவரியாகப் படிக்க முடிகிறதா?
- எந்த ஏஜெண்டு, எந்த உத்தரவின்பேரில், எந்தக் கட்டளையை இயக்கியது என்ற பதிவு நிலைத்திருக்கிறதா?
- கோப்புகளை அழித்தல், இணையத்தோடு தொடர்புகொள்ளுதல், கடவுச்சொற்களைப் படித்தல் ஆகியவற்றைத் தடுக்க வழியுண்டா?
- தவறான பாதையில் செல்லும் ஏஜெண்டை உடனே நிறுத்தி, அதன் வேலை முழுவதையும் மற்றவற்றுக்குப் பங்கமின்றி நீக்கிவிட இயலுமா?
- ஒரு நாளின் செலவுக்கு உச்சவரம்பு விதிக்க முடியுமா?
- சாதனத்தைக் கைவிட நேர்ந்தால், நிரலும் அதன் வரலாறும் சாதாரணக் கிட் களஞ்சியமாக நம்மிடமே இருக்குமா?

இறுதிக் கேள்வி சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. இத்துறையில் சாதனங்கள் மாதந்தோறும் தோன்றுகின்றன; சில மறைகின்றன. வரலாறு நம்மிடம் இருக்குமாயின் சாதனத்தை மாற்றுவது எளிது.

8. ஏற்பதற்கு முன் சான்று

பல ஏஜெண்டுகளை இயக்குபவர்களுள் சிலர், ஓர் ஏஜெண்டு எழுதியதை மற்றோர் ஏஜெண்டைக் கொண்டு சரிபார்க்கச் செய்கின்றனர். இது பயனுள்ள வழக்கமே. ஆயினும் இதன் எல்லையை அறிதல் வேண்டும்.

1965-ஆம் ஆண்டில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களின் அடையாளம் கண்டறியப்பட்டது. மும்பையிலுள்ள டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து இச்சோதனையை நடத்தினர். ஒளிர்பொருள் கருவி ஒன்று மாத்திரம் துடித்தால் அதனை அவர்கள் நிகழ்ச்சியாகக் கொள்ளவில்லை. எதிரெதிர்ப் பக்கங்களிலுள்ள கருவிகள் ஒரே கணத்தில் துடிக்கவேண்டும். இடையிலுள்ள நியான் குழாய்களில் துகளின் பாதையும் புலப்படவேண்டும். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் மற்றொரு குழுவும் தனித்து இயங்கி இத்தகைய நிகழ்ச்சிகளைக் கண்டது.

இச்சான்றுக்கு வலிமை அளித்தது கருவிகளின் சுதந்திரமாகும். ஒரே மாதிரியிலிருந்து பிறந்த இரண்டு ஏஜெண்டுகள் ஒரே விதமாகத் தவறக்கூடும். அவை இரண்டும் உடன்படுவது ஒரே சாட்சி இருமுறை பேசுவதற்கு ஒப்பாகலாம். வேறு நிறுவனத்தின் மாதிரி, முன்கூட்டியே மனிதர் எழுதிய சோதனை, நேரில் அளந்த கிணறு ஆகியவையே சுதந்திரமான சாட்சிகள்.

9. கடிகாரத்தை நம்புதல்

சாதனம் வேலையை விரைவுபடுத்தியதா என்பதை மனத்தின் திருப்தியைக்கொண்டு முடிவு செய்தல் தவறாகும். மெட்டர் என்ற ஆராய்ச்சி நிறுவனம் 2025-ஆம் ஆண்டில் அனுபவமிக்க 16 நிரலாளர்களைக் கொண்டு 246 வேலைகளில் ஒரு சோதனை நடத்தியது. செயற்கை அறிவுச் சாதனத்தினால் தங்கள் வேலை நேரம் 20 சதவீதம் குறைந்தது என்று அவர்கள் கருதினர். கடிகாரத்தின்படி 19 சதவீதம் அதிகமாயிருந்தது. அவர்கள் தமக்கு நன்கு பழக்கமான பெரிய நிரல்களில், அவ்வாண்டின் தொடக்கத்தில் இருந்த சாதனங்களைப் பயன்படுத்தினர். பல ஏஜெண்டுகளை ஒருங்கே இயக்குவது அச்சோதனையின் நோக்கமும் அன்று. ஆகவே அதன் எண்ணை எல்லா இடத்துக்கும் பொருத்துவது முறையாகாது. ஆனால் எண்ணத்துக்கும் அளவுக்கும் உள்ள இடைவெளி எவருக்கும் எச்சரிக்கையாகும்.

எனவே சாதனத்தை வாங்குமுன் இரண்டு வாரச் சோதனை நடத்துவது நன்று. முதல் வாரம் ஒரே ஏஜெண்டைக் கொண்டும், இரண்டாம் வாரம் மூன்று ஏஜெண்டுகளைக் கொண்டும், ஏறக்குறைய ஒத்த அளவுள்ள வேலைகளைச் செய்து பார்த்தல் வேண்டும். தொடங்கிய நேரம், ஏற்றுக்கொண்ட நேரம், சரிபார்ப்பில் கண்ட பிழைகள், இணைத்த பின் கண்ட பிழைகள், செலவு ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வரவேண்டும். இணைத்த பின் கண்ட பிழைகள் இரண்டாம் வாரத்தில் பெருகியிருப்பின், ஷாஃப்ட் தாங்கும் அளவை மீறிக் கல் உடைக்கப்படுகிறது என்பது பொருள்.

10. வகுப்பறைச் சோதனை

கணிப்பொறி இல்லாத பள்ளியிலும் இப்பாடத்தைச் செயல்முறையாகக் கற்பிக்கலாம். தம் ஊரின் வரைபடத்தை ஆறு கட்டங்களாகப் பிரித்து, ஆறு மாணவர்களுக்கு ஒவ்வொரு தாள் கொடுத்து, ஒருவர் தாளை மற்றவர் பாராமல் வரையச் செய்க. ஏழாவது மாணவர் ஒவ்வொரு தாளையும் சரிபார்த்து ஒட்டவேண்டும். அளவுத்திட்டம் எதுவும் கூறாமல் ஒருமுறையும், அளவுத்திட்டத்தையும் சாலைகள் தாளின் ஓரத்தைத் தொடவேண்டிய புள்ளிகளையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து மறுமுறையும் செய்க. முதல் முறையில் சாலைகள் ஓரங்களில் பொருந்தாமல் நிற்பதையும், ஏழாவது மாணவரிடம் தாள்கள் குவிவதையும் மாணவர் தாமே காண்பர்.

அதன்பின் பின்வரும் வினாக்களைக் கேட்கலாம்:

1. ஏஜெண்டு 30 நிமிடங்களும் சரிபார்ப்பு 15 நிமிடங்களும் எடுத்துக்கொண்டால், பயனுள்ள ஏஜெண்டுகள் எத்தனை?
2. சரிபார்ப்பவர் இருவராயின் கணக்கு எவ்வாறு மாறும்?
3. கிணற்றுப் பதிவு நிரலில் அலகைத் தவிர வேறு எந்த வரையறைகளை முன்னரே எழுதவேண்டும்?

தொகுப்புரை

கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், அவ்வூரினர் பலர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். அந்நகரின் கணிப்பொறித் தொழிலில் புகும் இளைஞர்கள் பல ஏஜெண்டுகளை ஒருங்கே நடத்தும் பணியை எதிர்கொள்வர். அவர்களுடைய முன்னோர் அறிந்திருந்த சுரங்க ஒழுங்கு இப்பணிக்கும் பொருந்துகிறது. வெட்டுமுகங்களைப் பிரித்து வைத்தல், பாரம் எங்கே சாயும் என்று அறிந்து வரிசைப்படுத்தல், ஷாஃப்ட் ஏற்றும் அளவுக்கே கல் உடைத்தல் ஆகிய மூன்றுக்கும் துணை செய்யும் சாதனம் எதுவோ அதுவே தேர்ந்தெடுக்கத்தக்கது. சரிபார்த்துக் கையெழுத்திடும் பொறுப்பு, எந்தச் சாதனம் வந்தபோதிலும், மனிதரையே சாரும்.